கூண்டுக்குக் கீழே

ஆகஸ்ட் 25

இன்று ஒரு பொய் சொன்னேன். அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது, அதனால் இந்த டைரியை எடுத்தேன். நகைக்கடையில் கொடுத்தது. மகள் நர்சிங் படிக்கப் போனபோது அலமாரியில் விட்டுவிட்டுப் போனாள். ஜனவரியில் இருந்து ஒரு எழுத்துகூட இல்லை.

காலையில் கதிரேசன் சார் போன் செய்தார். கூண்டு மீன் வளர்க்க எங்கள் பெண்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர். "என்னம்மா அமலோற்பவம், போன அறுவடை முடிஞ்சதும் கூண்டை இடம் மாத்தச் சொன்னேனே, மாத்திட்டீங்களா?" என்றார். "மறுவாரமே மாத்தியாச்சு சார்" என்றேன். சொல்லும்போது வாய் கூசவில்லை. போனை வைத்த பிறகு கூசியது.

மாற்றவில்லை. பத்துக் கூண்டையும் நங்கூரத்தோடு பெயர்த்து இழுப்பது லேசான வேலையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அது காரணமில்லை. டைரியிலுமா பொய் எழுதுவது? இப்போது கூண்டு கிடக்கிற இடம் கோயில் வாசலில் நின்றால் நேராகத் தெரியும். என் வீட்டு வாசலில் இருந்தும் தெரியும். சார் என்னிடம் மட்டும் காட்டிய புது இடம் கரை வளைகிற முனைக்கு அந்தப் பக்கம். அங்கே கொண்டுபோய்க் கட்டினால் யார் கண்ணில் படும்? கடலில் முங்கிப் பாசி பறித்துக்கொண்டிருந்த ஐந்து பொம்பிளைகள் இன்று கூண்டு வைத்துக் கடல் விரால் வளர்க்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஐந்து பேருக்கும் நான் தலைவி.

ஆகஸ்ட் 30

இன்று மாதா கோயிலில் கொடியேற்றம். அதற்கு முன்னால் குழுவில் ஒருத்தியான ஜெனோவாவோடு படகில் போய்த் தீனி போட்டுவிட்டு வந்தேன். மண்டபம் துறைமுகத்தில் இருந்து வருகிற கழிசல் மீன்தான் தீனி. விற்க முடியாத பொடி மீனும் தலையும் வாலும். படகு சத்தம் கேட்டதுமே விரால்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். மீன் மேலே வருவது நின்றதும் தீனியை நிறுத்த வேண்டும் என்பது பாடம். எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னும் ஒரு கூடை, இன்னும் ஒரு கூடை என்று கொட்டிவிடுவேன். என் வீட்டில் யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை.

கரைக்கு வந்ததும் பிலோமி அக்கா பிடித்துக்கொண்டாள். கரையோரம் நண்டு அவிக்கிற கொட்டகை வைத்திருக்கிறவள். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று கட்டியது. அங்கே எட்டுப் பொம்பிளைகள் நண்டை அவித்துச் சதை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். என் குழுவில் சேரக் கூப்பிட்டபோது, "மீனுக்குத் தொட்டில் கட்டி ஆட்ட என்னால ஆகாதுடி" என்று சிரித்தவள். அதில் இருந்தே எங்களுக்குள் ஒத்துப்போகாது.

"ஏன்டி அமலு, கடலுக்கே சோறு ஊட்டுறியே, அதுக்கு வயிறு வெடிச்சிறப் போவுது" என்றாள் எல்லார் முன்னாலும்.

"உங்க அண்டாவப் பாத்துக்கங்க அக்கா. என் கூண்ட நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் கொடுத்தேன் என்று அப்போது இருந்தது.

செப்டம்பர் 6

கச்சான் என்கிற மேற்குக் காற்று நின்றுவிட்டது. வாடைக் காற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மத்தியானம் நாத்தனார் சலேத்து ஒரு சட்டி நிறைய நீல நண்டு கொண்டுவந்தாள். எல்லாம் உயிரோடு. அவள் வீட்டுக்காரர் சவேரியான் அண்ணன் என் கூண்டுகளைச் சுற்றித்தான் நண்டு வலை போடுகிறார். "மதினி, வலைய இழுக்க முடியல. அவ்வளவு கனம். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒண்ணு தொங்குது. கூண்டுக் கயித்துலயே ஏறி உக்காந்திருக்குதுக. எல்லாம் உங்க கைராசிதான்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நண்டு எதற்காகக் கயிற்றில் ஏறி உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். திருவிழாப் பூசை முடிந்து வெளியே வந்தால் கரையில் ஒரே கூச்சல். கணுக்கால் தண்ணீரில் நாக்கு மீன்கள் பாயை விரித்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விலாங்கு தலையை மேலே தூக்கிக்கொண்டு கரையோரமே நெளிகிறது. பிள்ளைகள் கையாலேயே அள்ளினார்கள். பட்டுச் சேலையோடு பொம்பிளைகள் இறங்கி முந்தியில் அள்ளினார்கள். மாதா கொடுத்தது என்று கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மேடையில் ஊர்த் தலைவராகச் சவேரியான் அண்ணன் பேசினார். கூண்டு வந்த பிறகுதான் இந்தக் கடலுக்கு நண்டும் மீனும் இப்படி வருகிறது என்று சொல்லி, என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். ஊரே கை தட்டியது. பிலோமி அக்காவும் தட்டினாள். அவள் கொட்டகையில்தான் நண்டு மலைபோல் குவிகிறதே.

பொன்னாடையோடு நிற்கும்போது கதிரேசன் சார் தலைவிகளுக்கு மட்டும் நடத்திய பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. மீன் தின்னது போக மிஞ்சினது அடியில் விழுந்து அழுகும். அழுகுவதற்கும் காற்று வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றை அது எடுத்துக்கொள்ளும். காற்றடிக்காத நாளில் மேல் தண்ணீர் கீழே போகாது, அடித் தண்ணீருக்குப் புதுக் காற்று கிடைக்காது. அப்போது அடியில் வாழ்கிற ஜீவன் எல்லாம் மூச்சு முட்டி மேலேயும் கரைக்கும் ஓடிவரும். "அதைப் பாத்துச் சந்தோஷப்பட்டிறாதீங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் வேறு ஊருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9

நண்டுக் குழம்பு வைத்தேன். எல்லோரும் தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை.

செப்டம்பர் 13

இன்று முங்கிப் பார்த்தேன். நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போகிறேன் என்று ஜெனோவாவிடம் சொல்லிவிட்டு, பாசிக்குப் போகும்போது போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஆழம் மூன்று பாகம்தான், மூன்று ஆள் உயரம். இந்த அடியை எனக்குப் பதினைந்து வயதில் இருந்து தெரியும். வெள்ளை மணல், நடுவில் நடுவில் புல், புல்லுக்குள் சங்குப் பூச்சி.

மணலைக் காணோம். கறுப்புச் சேறு. அதன்மேல் வெள்ளையாக ஒரு ஆடை, புளித்த மாவில் படிகிற மாதிரி. வளைக்குள் இருக்க வேண்டிய புழுக்கள் எல்லாம் வெளியே வந்து துவண்டு கிடந்தன. ஒரு நண்டு கயிற்றைப் பற்றியபடியே செத்திருந்தது. கையை வைத்தேன், முழங்கை வரைக்கும் புதைந்தது. எடுத்தபோது கை முழுக்க மீன் முள். நான் கொட்டினது.

மேலே வந்ததும் ஜெனோவா மூக்கைப் பொத்தினாள். "என்னக்கா, அழுகின முட்டை வாடை அடிக்குது உங்க மேல?"

"செத்த மீன் ஏதோ கிடக்கு. நங்கூரம் நல்லா இருக்கு" என்றேன்.

சோப்புப் போட்டு மூன்று தடவை குளித்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. அப்படி நினைத்ததற்காகவும் வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 16

தீனியைப் பாதியாகக் குறைத்தேன். மீதிக் கழிசல் படகில் நின்றது. அதைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுபோனால், ஏன் என்று கேட்பார்கள். அதனால் அதையும் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இதை எழுதினவளை என் குழுவில் சேர்த்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 22

ஒரு வாரமாகச் சலேத்து நண்டு கொண்டுவரவில்லை. இன்று கையை வீசிக்கொண்டு வந்தாள். வலையில் வருவது எல்லாம் செத்த நண்டாம். நேற்று அதுவும் இல்லை. அடிக்கயிறு முழுக்கக் கறுப்புச் சேறு அப்பியிருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை, அண்ணன் கையெல்லாம் நாறுகிறது என்றாள்.

"எல்லாம் அந்தப் பிலோமி கொட்டகைத் தண்ணிதான் மதினி. நண்டு அவிச்ச தண்ணியப் பூராக் கடல்ல விடுறாள்ல? அது போய் அடியக் கெடுத்திருச்சுனு ஊரே பேசுறாக."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அப்படியா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று அவள் நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 28

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சவேரியான் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, நீ முங்குறவ. அடியில எப்படி இருக்கு?"

"கறுப்பாக் கிடக்குண்ணே. ஒரு உசிரு இல்ல."

"எந்தப் பக்கம்?"

கோயில் வாசலில் நின்று பார்த்தால் முன்னால் கொட்டகை, அதே நேருக்குப் பின்னால் கடலில் என் கூண்டு. நான் கையை நீட்டினேன். எல்லோர் தலையும் திரும்பிக் கொட்டகையில் நின்றது. இன்னும் தள்ளிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையை இறக்கிக்கொண்டேன். கொட்டகைக்கு எதிரே நான் முங்கினதே இல்லை.

பிலோமி அக்கா சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வாய் அப்படிப்பட்ட வாய். அவள் எழுந்து, "நண்டு கடல்ல இருந்து வந்தது, அவிச்ச தண்ணி கடலுக்கே போகட்டும்னு இருந்துட்டேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுய்யா" என்றாள். கடல் தெளிகிற வரைக்கும் கொட்டகையைப் பூட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வேலை செய்கிற எட்டுப் பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

நான் சந்தோஷப்படவில்லை. ஆனால் மூச்சு வந்தது. அதுதான் கேவலம்.

செப்டம்பர் 29

கொட்டகையில் இருந்து புகை வரவில்லை. தினமும் அந்த வாடையைத் திட்டிக்கொண்டேதான் காபி குடிப்பேன்.

அக்டோபர் 3

கொட்டகைப் பொம்பிளைகளில் நாலு பேர் இறால் உரிக்க வெளியூருக்கு வேனில் போகிறார்கள். ஒருத்தி கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள், பிள்ளை நாளெல்லாம் கத்துகிறது. மூன்று வீடு தள்ளி இருந்தாலும் கேட்கிறது.

பிலோமி அக்கா கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். அவித்த தண்ணீரை இனிமேல் அதில் விடப் போகிறாளாம். "கடல்ல ஒரு சொட்டு விட மாட்டேன்டி அமலு. நீ ஊருக்கு எடுத்துச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பாக" என்றாள். வேர்த்துக் கொட்டியது. மண்வெட்டியை வாங்கி நாலு வெட்டு வெட்டலாமா என்று நினைத்தேன். வாங்கினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடி வந்துவிட்டேன். பால் இல்லை.

அக்டோபர் 7

வாடைக் காற்று திரும்பிவிட்டது. ராத்திரியெல்லாம் கடல் புரண்டிருக்கிறது. விடிந்து வாசலுக்கு வந்தால் கூண்டெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முதலில் நுரை என்று நினைத்தேன். எல்லாம் விரால். வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. உயிரோடு இருந்த கொஞ்சம் மேல் தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடின. படகு சத்தம் கேட்டு என்னிடம்தான் வந்தன. தீனி வாங்க வருகிற மாதிரியே வந்தன. அடியில் கிடந்த கெட்ட தண்ணீரைக் காற்று புரட்டி மேலே கொண்டுவந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜெனோவா படகிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரே இறங்கி வந்தது. கூடை கூடையாக அள்ளிக் கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். யாரும் என்னை ஒரு கூடை தூக்க விடவில்லை. "நீ உக்காரு தாயி" என்று நிழலில் உட்கார்த்திவைத்து மோர் கொடுத்தார்கள். அவ்வளவு பிரியம். நெருப்பில் உட்கார்ந்ததுபோல் இருந்தது.

முழங்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாக அள்ளினவள் பிலோமி அக்கா. முடிந்ததும் என்னிடம் வந்தாள். சேற்றுக் கையோடு கும்பிட்டாள். "என் தண்ணிதான்டி உன் பிள்ளைகளக் கொன்னுருச்சு. தொட்டில்னு கேலி பண்ணுனேன். என்னைய மன்னிச்சிருடி அமலு" என்றாள்.

நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது எழுத வரவில்லை.

அக்டோபர் 9

இரண்டு ஆள் சுமந்து வந்து பிலோமி அக்காவின் பெரிய அண்டாக்கள் இரண்டையும் என் வாசலில் இறக்கினார்கள். என் நஷ்டத்துக்கு ஈடாகக் கொட்டகைச் சாமான்களை அவள் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசினார்களாம். மறுபேச்சுப் பேசாமல் அவளே கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறாள். சலேத்து முன்னால் நின்று நடத்தி வைத்தாள். எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவளுக்குச் சந்தோஷம்.

அண்டா இல்லாமல் கொட்டகை இனி திறக்கவே முடியாது.

வீட்டுக்காரர் அண்டாவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த சாரு கூண்ட இடம் மாத்தச் சொன்னாகள்ல?"

"ஆமா."

"நானும் வாசல்ல உக்காந்து தெனமும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அது அசையவே இல்லையே அமலு."

இவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அங்கேயே வைத்திருந்தேன். எல்லோரும் தினமும் பார்த்தார்கள். அது நகர வேண்டியது என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 11

காலையில் படகில் ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகின் மறு நுனியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கரைக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். "மத்த மூணு பேருகிட்டயும் நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றாள். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு வீடாகப் போவதற்கு முன்னால், பகலில் இரண்டு இடத்தில் முங்கினேன். கூண்டுக்குக் கீழே இருந்து வாளி வாளியாகச் சேற்றை எடுத்துப் படகில் வைத்திருந்த பிலோமி அக்காவின் அண்டாவில் நிரப்பினேன். பிறகு கொட்டகைக்கு எதிரே, அவள் தண்ணீர் விழுகிற இடத்தில். அன்றைக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் முங்கியிருக்க வேண்டிய இடம். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் மணல் மணலாகவே இருந்தது. ஒரு வாளி எடுத்தேன். அதற்குள் ஒரு சின்னச் சங்கு நகர்ந்துகொண்டிருந்தது.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு படகிலேயே அழுதேன். இத்தனை நாளும் வராத அழுகை.

அக்டோபர் 12

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது அண்டாவையும் வாளியையும் கோயில் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். வாடை தாங்காமல் பிள்ளைகள் ஓடினார்கள். சவேரியான் அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "என்ன தங்கச்சி இது?" என்றார்.

"இது என் கூண்டுக்குக் கீழ உள்ளதுண்ணே. இந்த வாளி, அக்கா கொட்டகைக்கு எதிர்ல உள்ளது. கையை விட்டுப் பாருங்க."

அவர் அண்டாவில் கையை விட்டு எடுத்தார். சேற்றோடு சாளை மீன் தலையும் முள்ளும் கழிசல் மூட்டை கட்டுகிற பச்சைக் கயிறும் வந்தன. அந்தக் கயிறு ஊரில் என்னிடம் மட்டும்தான் உண்டு. வாளியில் இருந்த சங்கை ஒரு பெண்பிள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டை மாற்றாதது, அளவுக்கு மேல் கொட்டினது, முங்கிப் பார்த்தது, இதே வாசலில் கை நீட்டினது. என்னை யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சலேத்துதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப அந்த நண்டெல்லாம் மதினி? திருவிழா அன்னைக்கு வந்த மீனு?"

"மூச்சு முட்டி ஓடி வந்ததுக."

"அதத்தான் நாங்க கும்பிட்டுக்கிட்டு அள்ளுனமா?" என்றாள். அதற்குமேல் அவள் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டகையை நாளைக்கே திறக்கலாம் என்றார். நண்டு வருகிற வரைக்கும் திறந்து என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரு பொம்பிளை கேட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு பிலோமி அக்கா வந்து, அண்டாவை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சேற்றைக் கொட்டினாள். கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். அக்கா என்றேன். அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டாள்.

"கூண்ட மாத்தல, சரி. கூட்டத்துல கையக் காட்டுன, பயந்துட்டனு வச்சுக்கிறேன். ஆனா அன்னைக்கு மீன் செத்தப்ப நான் உன்னையக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேனேடி. 'போகட்டும்க்கா, மன்னிச்சிட்டேன்'னு சொன்னியே, அது எதுக்குச் சொன்ன?"

அண்டாவின் இந்தப் பக்கத்தை நான் தேய்க்கலாம் என்று கையில் மண்ணை எடுத்தேன். அவள் அண்டாவைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.